கடலோடியின் உறக்கமும் ஓர் அமானிதமே



சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம் உம்மாவுடன் விடைபெற்றுச் செல்ல எங்கள் வீட்டிற்கு வந்தார். தூத்துக்குடியிலிருந்து மாலைத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. தோணியில் மொத்தம் எட்டுப் பேர். அவர்களுள் இதற்குமுன் கடல் கடந்திராதவர் அவர் ஒருவரே. எந்த துஆவை ஓதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்த உம்மா கேட்டார். நூஹ் (அலை) அவர்கள் கப்பலேறும்போது மொழிந்ததாகத் திருக்குர்ஆன் கூறுவதையும் (11:41), பயணத்திற்குரிய துஆவையும் (43:13, 14) எழுதிக் கொடுத்தேன்.

பின்னர் அந்த இளைஞரிடம் சிலவற்றைக் கேட்டேன். எட்டுப் பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் கரைக்குச் செய்தி சொல்ல என்ன கருவி இருக்கிறது? இரவில் யார் யார் எத்தனை மணி நேரம் விழித்திருப்பது என்று முறை வகுத்திருக்கிறார்களா? அவர் சற்றே சிரித்துவிட்டு, "அதெல்லாம் அல்லாஹ் பார்த்துக்குவான் காக்கா" என்றார். அவருடைய உம்மாவும் "ஆமீன்" என்றார்.

அந்த விடை ஈமானிலிருந்து பிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பாதி மட்டுமே கூறப்பட்ட விடை அது. அந்த மறுபாதியைப் பற்றி நம் குடும்பங்களில் பேசப்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் மொழியிலேயே கடல் இருக்கிறது

பொதிகையில் பிறந்து திருநெல்வேலியைக் கடந்து, திருவைகுண்டம், ஆத்தூர் வழியாகக் கடலில் கலக்கும் தாமிரபரணியின் கரையில் வாழும் நமக்குக் கடற்பயணம் புதியதன்று. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை, ஆறு கொண்டுவந்து குவித்த மண்ணால் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதிவைத்திருக்கிறார்.

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களும் இதற்குச் சான்று. கப்பல் செலுத்துவோனைக் குறிக்கும் 'மாலுமி' என்ற சொல் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாக அறிஞர் கூறுவர். 'சுக்கான்' அரபுச் சொல். 'நங்கூரம்' பாரசீகத்திலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர் என்பது மத்ரஸாவில் பயின்ற சிறு பிள்ளைக்கும் தெரியும். கடலில் வழி காட்டுபவரை ஆசிரியர் என்றே நம் முன்னோர் அழைத்தனர். அறிவுள்ளவரே கப்பல் செலுத்தத் தகுதியுடையவர் என்ற கருத்து அப்பெயரிலேயே பொதிந்துள்ளது.

ஆனால், முன்னோரின் கடற்பயணத்தை நாம் நினைவுகூரும் விதத்தில் ஒரு குறை உண்டு. அவர்கள் ஈட்டிய செல்வத்தையும் எழுப்பிய பள்ளிவாசல்களையும் பெருமையோடு பேசுகிறோம். அவர்கள் எப்படிப் பயணம் செய்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எப்போது புறப்பட மறுத்தார்கள் என்பவற்றைப் பேசுவதில்லை. பெருமை மட்டுமே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த ஒழுங்கு போய்ச் சேரவில்லை.

எட்டுப் பேரின் கணக்கு

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். மாலே ஏறத்தாழ 400 கடல் மைல். மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் செல்லும் தோணி இடைவிடாது சென்றாலும், மாலேயை அடைய நூறு மணி நேரம், அதாவது நான்கு நாள்களுக்கு மேல் ஆகும். எதிர்க்காற்றோ நீரோட்டமோ வாய்த்தால் நாள்கள் இன்னும் கூடும். இந்த நேரம் முழுவதும், நள்ளிரவிலும் அடைமழையிலும், ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க வேண்டும். மற்றொருவர் கடலைக் கண்காணிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே இலங்கையைச் சுற்றிச் செல்லும் பெருங்கப்பல்களின் பாதையும் குறுக்கிடுகிறது. அத்தகைய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரவில் ஒரு மரத்தோணி எளிதில் தென்படாது. விழித்திருந்து விலக வேண்டிய பொறுப்பைத் தோணியில் உள்ளவரும் சுமந்தாக வேண்டும்.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். எட்டுப் பேரில் தண்டல் ஒருவர், எஞ்சினைக் கவனிப்பவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர். எஞ்சியவர் ஐவர். எந்நேரமும் இருவர் காவலில் இருக்க வேண்டுமெனில், ஒரு நாளைக்கு 48 மணி நேர உழைப்பு தேவை. ஐவர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் ஒன்பதரை மணி நேரத்திற்குச் சற்று அதிகம். புதிதாகக் கடலேறிய இளைஞர் தலைசுற்றி வாந்தியெடுத்துப் படுத்துவிட்டால், மீதி நால்வருக்கும் ஆளுக்கு 12 மணி நேரம். அவரோடு இன்னொருவர் கையில் காயம்பட்டாலோ, எஞ்சியுள்ள மூவருக்கும் ஆளுக்கு 16 மணி நேரம். இதற்கு மேல்தான் பாய் கட்டுதல், அவிழ்த்தல், உள்ளே ஊறும் நீரை இறைத்தல், சரக்கு நகராமல் இறுக்கிக் கட்டுதல் ஆகிய வேலைகள் எல்லாம்.

குறைந்த ஆள்களோடு செல்லும் கடற்பயணத்தின் முதன்மையான சோதனை பேரலை என்று கரையிலிருப்போர் எண்ணுகிறோம். உறக்கமின்மையே அதனினும் பெரிய சோதனை. பேரலை எப்போதோ ஒருமுறை வரும். களைப்பு ஒவ்வோர் இரவும் வரும். உடல் மிகவும் தளர்வது ஃபஜ்ருக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில். கரையில் இருப்பவருக்குத் தஹஜ்ஜுதின் அமைதி வாய்க்கும் அதே நேரத்தில்தான், கடலில் சுக்கான் பிடித்திருப்பவரின் இமைகள் அவரை அறியாமல் மூடுகின்றன. பெரிய கப்பலில் ஒருவர் தளர்ந்தால் மற்றொருவர் வருவார். தோணியில் ஒருவர் உறங்கிவிட்டால், அந்த நேரத்தில் எட்டு உயிர்களுக்கும் காவலில்லை.

எனவே, சிறிய தோணியில் தன் முறை முடிந்தபின் உறங்குவது சோம்பலன்று. அடுத்த முறையில் மற்றவர் உயிரைக் காப்பதற்கான ஆயத்தம். உறங்க வேண்டியவரை உறங்கவிடாமல் வேலை வாங்குவது, அவரிடம் ஒப்படைக்கப்பட்ட மற்றவரின் உயிர்களுக்கும் இழைக்கும் துரோகம். உறக்கமும் ஓர் அமானிதம் என்று நான் கூறுவது இதனால்தான்.

தொழுகையிலும் காவல் உண்டு

"நாங்கள் ஐந்து வேளையும் ஜமாஅத்தாகத் தொழுதுகொண்டே போகிறோம், அல்லாஹ் எங்களைக் கைவிடுவானா?" என்று சில சகோதரர்கள் கேட்பதுண்டு. அவர்களுடைய பேணுதலுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆயினும், திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தை அவர்கள் நிதானமாக ஓதிப் பார்க்க வேண்டும். பகைவரின் அச்சம் சூழ்ந்த வேளையில் எப்படித் தொழுவது என்று அந்த வசனம் கற்பிக்கிறது. ஒரு பிரிவினர் நபி (ஸல்) அவர்களுடன் தொழ, மற்றொரு பிரிவினர் காவல் நிற்க வேண்டும்; பின்னர் அவர்கள் வந்து தொழ வேண்டும். முன்னெச்சரிக்கையையும் ஆயுதங்களையும் கைவிடலாகாது என்றும் அதே வசனம் வலியுறுத்துகிறது.

சிந்தித்துப் பாருங்கள். இமாமாக நிற்பவர் அல்லாஹ்வின் தூதர். பின்னால் நிற்பவர்கள் ஸஹாபாக்கள். அவர்களைக் காவலின்றியே காக்க அல்லாஹ்வுக்கு இயலாதா? இயலும். அவ்வாறிருந்தும் பாதிப் பேரைக் காவலுக்கு நிறுத்துமாறு அவன் கட்டளையிட்டான். அங்கே பகைவர், இங்கே காற்றும் அலையும் எதிர்வரும் கப்பலும். சுக்கானை விட்டுவிட்டு ஜமாஅத்தில் சேர ஓடி வருபவரைவிட, மற்றவர் தொழுது முடியும்வரை சுக்கானைப் பிடித்திருந்து, பின்னர்த் தனியே தொழுபவரே இந்த வசனத்தின் கருத்துக்கு நெருக்கமானவர் என்பது என் கருத்து.

தூத்துக்குடித் தோணித் தொழிலில் பரதவர் சமூகத்துக் கிறிஸ்தவச் சகோதரர்களே முதன்மையானவர்கள். அவர்களுடன் நம்மவர்கள் சிலரும் செல்கின்றனர். நாம் தொழும்போது அவர்கள் சுக்கான் பிடிப்பதும், அவர்கள் ஜெபிக்கும்போது நாம் பிடிப்பதும் காவல் முறையை நியாயமாகப் பகிர்வதன் ஒரு பகுதியே.

மார்க்கம் கடலோடிக்கு வழங்கியுள்ள சலுகைகளும் இதே கருணையிலிருந்து வந்தவை. தாங்கள் கடலில் செல்லும்போது சிறிதளவு நீரே கொண்டு செல்வதாகவும், அதில் உளூச் செய்தால் தாகத்தில் வாட நேரிடும் என்றும் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். கடல்நீர் தூய்மைப்படுத்தக் கூடியது என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள் (திர்மிதி, அபூதாவூத்). ஆகவே குடிநீரை உளூவில் செலவழித்துவிட்டு எஞ்சிய நாள்களில் தாகத்தில் தவிப்பது பேணுதல் ஆகாது. கப்பலில் மூழ்கிவிடும் அச்சமில்லாதபோது நின்று தொழ வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கலாம். இரு வேளைகளைச் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபினர் தத்தம் வேளையிலேயே தொழ வேண்டும். ரமளானில் பயணி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றலாம் என்பது திருக்குர்ஆனின் தெளிவான அனுமதி (2:185). நோன்பால் தளர்ந்து, மக்கள் சூழ்ந்து நின்று நிழல் தரும் நிலைக்கு ஆளான பயணி ஒருவரைக் கண்டு, பயணத்தில் இவ்வாறு நோன்பிருப்பது நற்செயலில் சேராது என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இவற்றைப் பிள்ளை புறப்படுமுன் ஆலிமிடம் கேட்டு, எழுதி வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். நடுக்கடலில் மஸ்அலா கேட்க ஆளிருக்காது.

தவக்குல் எங்கே தொடங்குகிறது?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வை நம்புமாறு கூறும் நபிமொழி (திர்மிதி) நம் அனைவருக்கும் மனப்பாடம். பயான்களில் கேட்கிறோம், திருமண மேடைகளில் கேட்கிறோம். தோணியில் ஒட்டகத்தைக் கட்டுவது எது என்றுதான் நாம் கேட்பதில்லை. நூஹ் (அலை) அவர்களைக் கப்பலின்றியே அல்லாஹ் காத்திருக்கலாம். ஆனால் அவன் கப்பல் கட்டுமாறு பணித்தான் (11:37). பலகையும் ஆணியும் கொண்டு கட்டப்பட்ட கப்பல் என்றே அதைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது (54:13). நபியின் தவக்குலில் பலகைக்கும் ஆணிக்கும் இடமிருந்தது. நம் பிள்ளையின் தவக்குலில் உயிர்காப்பு அங்கிக்கு இடமில்லாமல் போகுமா?

இன்னும் கடுமையான எச்சரிக்கையும் உண்டு. சுற்றுச்சுவரில்லாத மாடியில் இரவு உறங்குபவரையும், கடல் கொந்தளிக்கும் வேளையில் அதில் பயணம் செய்து மாண்டவரையும் குறித்து, அவர்களுக்கான பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்று பொருள்படும் நபிமொழி அல்அதபுல் முஃப்ரதிலும் முஸ்னத் அஹ்மதிலும் இடம்பெற்றுள்ளது. நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதின் நற்பேற்றை அடைவார் என்ற நபிமொழியை நாம் ஆறுதலுக்காக அடிக்கடி கூறுகிறோம். அது உண்மை. ஆனால் அது இழந்த குடும்பத்துக்கான ஆறுதலே தவிர, புயல் எச்சரிக்கையைப் புறக்கணிப்பவருக்கான அனுமதிச் சீட்டு அன்று. 2017 நவம்பர் இறுதியில் குமரி முனையருகே திடீரென வலுத்த ஒக்கி புயல் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களை எவ்வாறு வாரிச் சென்றது என்பதை நம் கடற்கரை இன்னும் மறக்கவில்லை. கரையிலிருந்து அனுப்பும் எச்சரிக்கை, அதைப் பெறும் கருவி கையில் இருப்பவரை மட்டுமே சென்றடையும்.

வரலாற்றிலிருந்து ஒன்று. 1344ஆம் ஆண்டளவில் இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஅபருக்கு, அதாவது நம் தமிழ்க் கரைக்கு, கப்பலேறினார். காற்று வலுத்தது, கப்பலில் நீர் புகும் நிலை வந்தது. திறமையான மாலுமி கப்பலில் இல்லை என்பதை அவரே தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். கரைக்கருகே கப்பல் சிக்கிக்கொள்ள, மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டு அவர் இரவு முழுவதும் கப்பலின் பின்பகுதியிலேயே தங்கியிருந்தார். பொழுது விடிந்தபின் இப்பகுதியின் முஸ்லிமல்லாத மக்கள் படகில் வந்து காப்பாற்றினர். உலகையே சுற்றிய பயணிக்கும், வழி தெரிந்த மாலுமி இல்லாத கப்பலில் ஏறியதால் நேர்ந்த இடர் அது. அல்லாஹ் அவரைக் காத்தான். மனிதர்களின் படகைக் கொண்டே காத்தான்.

நம் காலத்திலிருந்து ஒன்று. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் தனியொருவராகப் பாய்மரப் படகில் சென்றபோது, புயலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகில் பலத்த காயமுற்று அசைய முடியாமல் கிடந்தார். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி அவரிடம் இருந்தது. மூன்று நாள்களில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரைக் கண்டடைந்து மீட்டது. அந்தக் கருவி இல்லையெனில், அத்தனை பெரிய கடலில் அவரை எங்கென்று தேடுவது?

மற்றொன்றும் உண்டு. கடற்படை அதிகாரிகளான தில்னா, ரூபா ஆகிய பெண்கள் இருவர் மட்டுமே, 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பி வந்தனர். ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்கி, 25,000 கடல் மைலுக்கு மேல் சென்ற பயணம் அது. அதற்கெனப் பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற பின்னரே அவர்கள் அனுப்பப்பட்டனர். எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் ஆபத்தன்று. எண்ணிக்கை குறையும் அளவுக்கு ஆயத்தம் கூடாததே ஆபத்து.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?"

இக்கேள்வியை எதிர்பார்க்கிறேன். பாட்டனார் காலத்தில் ரேடியோ ஏது, உயிர்காப்பு அங்கி ஏது, அவர்கள் போய்வரவில்லையா என்பார்கள். இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, போய்வந்தவர்களின் கதைகளையே நாம் கேட்டு வளர்ந்தோம். திரும்பி வராதவர்கள் கதை சொல்ல வரவில்லை. கணவர் பயணம் சென்ற பின் செய்தியே கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்த பெண்கள் நம் கடற்கரை ஊர்களில் இருந்தார்கள் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மற்றொன்று, அவர்கள் ஒட்டகத்தைக் கட்டாமல் செல்லவில்லை. அவர்களிடமிருந்த கயிறு வேறு. வாடைக்காற்று எப்போது, சோளகம் எப்போது, கொண்டல் எதைக் கொண்டுவரும் என்பதை அறிந்திருந்தார்கள். காற்று கூடாத பருவத்தில் தோணியைக் கரையில் ஏற்றிப் பழுது பார்த்தார்கள். விண்மீன்களைக் கொண்டு இருளில் வழியறியலாம் என்று திருக்குர்ஆன் கூறுவதை (6:97) அவர்கள் கல்வியாகவே பயின்றார்கள். அந்தக் கல்வி இன்று நம் இளைஞர்களிடம் இல்லை. புதிய கருவியும் சிலரிடம் இல்லை. பழைய கயிறும் அறுந்து, புதிய கயிறும் வாங்காத நிலையில் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டிருக்கிறோம்.

செலவாகும் என்பது இரண்டாவது ஆட்சேபம். தோணி உரிமையாளர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். சரக்குக் கட்டணம் குறைவு. கடன் சுமை அதிகம் என்பதை அறிவேன். ஏழைகளான கடலோடிகளின் கப்பல் பறிபோகாமல் காக்க, கிள்ர் (அலை) அவர்கள் அதில் குறையொன்றை ஏற்படுத்திய நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் கூறுகிறது (18:79). கடலில் உழைப்போரின் ஏழ்மையை அல்லாஹ் அறிந்திருக்கிறான். ஆனால் மேலே போட்ட கணக்கை மீண்டும் பாருங்கள். ஓர் ஆளைக் குறைத்து மிச்சப்படுத்தும் கூலி, மற்றவர்களின் உறக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதை இலாபம் என்று எழுதிக்கொள்வது சரியான கணக்காகாது.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. கப்பல் பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வும், ஏழு நாள்களில் 77 மணி நேர ஓய்வும் வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வகுத்துள்ள அளவு. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. ஆனால் மரபு முறையில் கட்டப்பட்ட மரக்கலங்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. பெரிய கப்பலில் பணிபுரிபவருக்கு உலகச் சட்டம் உறங்கும் உரிமை தருகிறது. தோணியில் பணிபுரிபவருக்கு அந்த உரிமையைத் தர வேண்டியது உரிமையாளரின் இறையச்சமே. அந்தச் சட்டம் எட்டாத இடத்திலும் அல்லாஹ்வின் பார்வை எட்டும் என்று நம்புவதன்றோ தக்வா?

ஒரே கப்பலில் நாம் அனைவரும்

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள் (அபூதாவூத்). தோணியில் அமீர் தண்டல்தான். அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது கடமை. ஆனால் கட்டுப்படுவதும் வாய்மூடி இருப்பதும் ஒன்றல்ல. கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்போர், மேலே சென்று நீர் எடுப்பது பிறருக்குத் தொந்தரவு என்றெண்ணித் தங்கள் தளத்திலேயே துளையிட முற்பட்டால், மேல்தளத்தார் தடுக்காவிடில் எல்லாரும் அழிவர். தடுத்தால் எல்லாரும் பிழைப்பர் என்ற கருத்தமைந்த உவமையை நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரி). அளவுக்கு மீறிச் சரக்கேற்றுவதைக் கண்ட இளைஞர், "நான் புதியவன், எனக்கென்ன" என்று ஒதுங்கலாகாது. பணிவோடு சொல்ல வேண்டும். சொல்பவரைக் கோழை என்று நகைக்காதவரே நல்ல தண்டல்.

கரையில் இருக்கும் நாமும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, நம் வீடுகளே கப்பல்களாயின. யாருடைய மாடி உயரமோ அங்கே எல்லாரும் ஏறினோம். அன்று யாரும் மதத்தைக் கேட்கவில்லை, செலவைக் கேட்கவில்லை. அந்த உணர்வு வெள்ளம் வடிந்தபின்னும் நிலைக்க வேண்டும்.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, குடும்பத்தாருக்கு. பிள்ளையைக் கடலுக்கு அனுப்புமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேர் செல்கிறார்கள்? ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? கரையோடு தொடர்புகொள்ளும் கருவி வேலை செய்கிறதா? இரவுக் காவல் முறை வகுக்கப்பட்டுள்ளதா? விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்குக் காப்பீடு உண்டா? விடை தெரியாவிட்டால், தெரியும்வரை அனுப்பாதீர்கள். புறப்படுபவர் தம் கடன்களையும் கொடுக்கல் வாங்கல்களையும் வஸிய்யத்தாக எழுதி வைப்பது மார்க்கம் காட்டிய வழி. அதை அபசகுனமாக எண்ணாதீர்கள்.

இரண்டாவது, தொழில் நடத்துவோருக்கு. ஓர் ஆள் கூடுதலாக ஏற்றுங்கள். அந்தச் செலவை உங்கள் இலாபத்தின் காவலாகக் கருதுங்கள்.

மூன்றாவது, ஜமாஅத்துகளுக்கு. கடலுக்குச் செல்லும் இளைஞர்களுக்காக ஆண்டுக்கொருமுறை, பருவம் தொடங்குமுன், முதலுதவியும் நீச்சலும் கருவிகளைக் கையாளுதலும் கற்பிக்கும் ஒரு நாள் பயிற்சி நடத்துங்கள். அனுபவமுள்ள தண்டல்களை, அவர்கள் எந்தச் சமூகத்தவராயினும், அழைத்து ஆசிரியராக அமர்த்துங்கள். முஅல்லிம் என்ற சொல்லுக்கு அதுவே பொருத்தமான மரியாதை. வசதியற்றவருக்கு உயிர்காப்பு அங்கி வாங்கிக் கொடுப்பதும் ஸதகாதான்.

அந்த இளைஞர் அன்று எங்கள் வீட்டிலிருந்து சென்றபின், மாலையில் மீண்டும் வந்தார். தண்டலிடம் கேட்டதாகவும், ஆறு அங்கிகளே இருந்ததாகவும், மற்ற இரண்டை வாங்கிவிட்டே புறப்படுவது என்று அவர் ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார். கேட்கத் தயங்கியதாகவும், கேட்டபின் தண்டல் கோபிக்கவில்லை என்றும் சொன்னார். "இப்ப அல்லாஹ் பார்த்துக்குவான் காக்கா" என்றார். இம்முறை அவருடைய உம்மாவோடு சேர்ந்து நானும் "ஆமீன்" என்றேன்.

கரையிலும் கடலிலும் நம்மைப் பயணிக்கச் செய்பவன் அல்லாஹ் (10:22). கடலில் உழைக்கும் அனைவரையும் அவன் பாதுகாத்து, அவர்களை எதிர்பார்த்திருக்கும் வாசல்களில் நலமுடன் சேர்ப்பானாக. அறிவோடு முயன்று, அதன்பின் அவனையே முழுமையாகச் சார்ந்திருக்கும் நல்லடியார்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக. ஆமீன்.